எஞ்சினின் மூச்சு – 7: காலணிக் குடும்பத்தின் துருத்தி

சென்ற வாரம் கதையைப் பாரிஸில் நிறுத்தியிருந்தோம்.

1893-ல் வில்ஹெல்ம் மேபாக் காற்றுக் குழாய்க்குள் ஒரு சின்ன ஜெட்டை நீட்டினார். எஞ்சின் காற்றை இழுக்கிற இழுப்பிலேயே பெட்ரோலும் பீய்ச்சிக்கொண்டு உள்ளே போனது. 1902-ல் பனார் நிறுவனத்தின் ஆர்தர் கிரெப்ஸ் அதற்கு ஒரு வால்வைச் சேர்த்தார். வேகம் கூடக்கூடத் தானாகத் திறந்து, கூடுதல் காற்றை உள்ளே விடும் வால்வு அது.

இருவரும் பெட்ரோலையும் காற்றையும் கலக்க வழி செய்தார்கள். ஆனால் எஞ்சின் இந்தக் கணத்தில் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று கேட்டுச் சொல்கிற உறுப்பு இருவரிடமும் இல்லை.

அந்த உறுப்பு லண்டனில் பிறந்தது. செய்தவர்கள் எஞ்சின் கம்பெனிக்காரர்கள் அல்ல. காலணி வியாபாரிகள்.

* * *

நெம்புகோல் பிடித்த ஓட்டுநர்

1904 ஜனவரி 1. இங்கிலாந்தில் புதிய மோட்டார் கார் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். கார்களுக்கு நம்பர் பிளேட் கட்டாயமானது. வேக வரம்பு மணிக்கு 20 மைல் ஆனது. லண்டன் தெருக்களில் அப்போதும் குதிரைகளின் ராஜ்யம்தான். லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி தன் கடைசிக் குதிரை பஸ்ஸை நிறுத்தியது 1911-ல்தான்.

அந்தக் குதிரைகளுக்கு நடுவே ஒரு காரை ஓட்டிப்போவது இன்றைய நெரிசலைவிடச் சிரமம். ஸ்டியரிங், பிரேக், கியர் எல்லாம் போக, ஓட்டுநரின் கையருகே இன்னும் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று, தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதற்கு. மற்றது, பெட்ரோல் கலவையில் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ.

எஞ்சின் இருமினால் காற்றைக் குறைக்க வேண்டும். கரும்புகை வந்தால் கூட்ட வேண்டும். மேட்டில் ஏறும்போது ஓர் இடம், இறக்கத்தில் இன்னோர் இடம், குதிரை வண்டிக்குப் பின்னால் ஊரும்போது வேறோர் இடம். காதும் மூக்கும்தான் கருவி. இன்று கார்களில் கம்ப்யூட்டர் செய்கிற வேலையை அன்று ஓட்டுநரே செய்துகொண்டிருந்தார்.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எடைக்கணக்கில் சொன்னால் இது பெரிதாகத் தெரியாது. அளவுக்கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்பதாயிரம் லிட்டரை அளந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற ஒரு லிட்டரைச் சரியாகக் கொடுக்க முடியும்.

14.7 ஒன்றையே எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாது. முழு இழுவை வேண்டுமென்றால் கலவை 12.5, 13 என்று கொஞ்சம் ‘ரிச்’ ஆக வேண்டும். சமதளத்தில் நிதானமாகப் போகும்போது 16 வரை ‘லீன்’ ஆக்கி மிச்சம் பிடிக்கலாம். ஏறத்தாழ 8-க்குக் கீழேயும் 20-க்கு மேலேயும் போனால் சாதாரண எஞ்சினில் கலவை ஒழுங்காகப் பற்றவே பற்றாது.

மேபாக்கின் ஜெட் இந்த வரம்புகளுக்குள் நிற்க மறுத்தது. காரணம் எளிமையானது. அவர் குழாயின் குறுகிய கழுத்து மாறாத அளவு கொண்டது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் கழுத்தில் காற்று சோம்பலாகப் போகும். அந்த இழுப்பு பெட்ரோலை ஜெட்டின் வாய் வரை தூக்கக்கூடப் போதாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகிவிடும். காற்று கூடுவதைவிட வேகமாகப் பெட்ரோல் கூடும். ஸ்லோ ஸ்பீடில் சரிசெய்தால் வேகத்தில் புகை. வேகத்தில் சரிசெய்தால் சிக்னலில் எஞ்சின் நின்றுபோகும். சிக்னலே இல்லாத காலம் என்பது வேறு விஷயம்.

* * *

லில்லி அண்ட் ஸ்கின்னர்

லண்டனில் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற காலணிக் கம்பெனி லில்லி அண்ட் ஸ்கின்னர். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். பிறந்தது 1872-ல். கடைக் கணக்கைப் பார்க்க வேண்டிய இவருக்கு மனசெல்லாம் மோட்டார் மேல். பத்து வயது இளையவரான தம்பி தாமஸ் கார்லைல் ஸ்கின்னர் அண்ணனைவிடத் தீவிரம். வீட்டில் கார்ல் என்று கூப்பிடுவார்கள்.

1904-ல் ஹெர்பர்ட் ஒரு கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவியை, வடிவமைத்தார். 1905-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு கிடைத்தது.

அவருடைய யோசனையின் அழகு இங்கேதான் இருக்கிறது. கிரெப்ஸ், இழுப்பு தாறுமாறாக மாறுவதை ஏற்றுக்கொண்டு, அதன் விளைவைக் கூடுதல் காற்றால் சரிக்கட்டினார். 1906-ல் பிரான்ஸில் பிரான்சுவா பாவெரே, இரண்டாவது ஜெட் ஒன்றைச் சேர்த்து அதே விளைவை வேறு விதமாகச் சரிக்கட்டினார். ஸெனித் கார்புரேட்டர் என்று உலகமெங்கும் போனது அது. இருவருமே நோய் வந்தபின் மருந்து கொடுத்தவர்கள்.

ஹெர்பர்ட் இழுப்பை மாறவே விடவில்லை. கழுத்தை மாற்றினார்.

* * *

துருத்தி எழுகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தத் தொடரில் இனி வரப்போகிற எல்லாக் கருவிகளுக்கும் இதுதான் முன்னோடி.

காற்று போகும் குழாயின் குறுக்கே மேலிருந்து ஓர் அடைப்பு தொங்குகிறது. எஞ்சின் நிற்கும்போது அது தன் எடையால் கீழே இறங்கி வழியைக் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அடைப்பின் தலைமேல் தோலால் ஆன ஒரு துருத்தி. துருத்தியின் உட்புறம், எஞ்சின் இழுக்கும் பக்கத்தோடு ஒரு துளையால் இணைக்கப்பட்டிருக்கிறது.

எஞ்சின் சுற்றத் தொடங்குகிறது. வழி ஒடுக்கமாக இருப்பதால் உட்புறம் அழுத்தம் குறைகிறது. அதே குறைவு துளை வழியாகத் துருத்திக்குள்ளும் போகிறது. துருத்தி சுருங்குகிறது. அடைப்பு மேலே எழுகிறது. வழி அகலமாகிறது. அகலமானதும் இழுப்பு தணிகிறது. அடைப்பின் எடையும் இழுப்பும் சமமாகும் இடத்தில் அது அப்படியே மிதந்து நிற்கிறது.

ஓட்டுநர் இன்னும் திராட்டிலைத் திறந்தால் அதிகக் காற்று வேண்டும். இழுப்பு கூடப் பார்க்கும். அடைப்பு இன்னும் எழும். இழுப்பு பழைய அளவுக்கே திரும்பும். கழுத்தில் காற்றின் வேகமும் ஏறத்தாழ மாறாது. மாறுவது வழியின் அகலம் மட்டும்.

அப்படியானால் அடைப்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவு காற்று எஞ்சினுக்குள் போகிறது. யாரும் நெம்புகோலைத் தொடவில்லை. எஞ்சின் தன் மூச்சின் அளவைத் தானே ஓர் உயரமாக எழுதிக் காட்டிவிட்டது.

அடைப்பின் அடியில் ஓர் ஊசி. நீடில் என்றே மெக்கானிக்குகள் சொல்வார்கள். நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் அந்த ஊசி, பெட்ரோல் ஜெட்டின் துளைக்குள் இறங்கியிருக்கும். அடைப்பு எழுந்தால் ஊசியும் எழும். துளையில் தடித்த பாகம் போய் மெல்லிய பாகம் வரும். சுற்றிலும் இடைவெளி கூடும். பெட்ரோல் கூடும்.

காற்றை அளப்பது அடைப்பு. அந்த அளவுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று பதில் சொல்வது ஊசி. இரண்டும் ஒரே தண்டில்.

தோல் துருத்தி என்ற எண்ணம் காலணி வீட்டுப் பிள்ளைக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. மெல்லிய தோலை வெட்டி, மடித்து, காற்றுப் புகாமல் தைப்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த வேலை. தன் தாய் உட்கார்ந்து அந்தத் துருத்திகளைத் தைத்ததை ஹெர்பர்ட்டின் மகன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மோட்டார் வரலாற்றுப் புத்தகங்களில் காப்புரிமை எண்கள் வருகின்றன, குதிரைத்திறன் வருகிறது. அந்த அம்மாவின் ஊசிநூல் மட்டும் அடிக்குறிப்பாகக்கூட வருவது அபூர்வம். எனக்கு என்னவோ, காற்றின் அளவை ஒரு காருக்குள் முதலில் பிடித்தது அந்தத் தையல்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

* * *

யூஸ்டனிலிருந்து கென்டிஷ் டவுன்

கார்ல் காலணிக் கம்பெனியில் தனக்கிருந்த பங்கை விற்றார். அந்தப் பணத்தோடு யூஸ்டன் ரோட்டில் இருந்த ஜி. வெய்ல்ஸ் அண்ட் கோ என்ற பட்டறையில் கூட்டாளியாகச் சேர்ந்தார். கார்புரேட்டர்கள் அங்கேதான் உருவாயின. அண்ணன் ஹெர்பர்ட் கடையை விடவில்லை. லில்லி அண்ட் ஸ்கின்னர் இயக்குநராக இருந்துகொண்டே, 1920-கள் வரை கார்புரேட்டரில் திருத்தம்மேல் திருத்தம் செய்து காப்புரிமை வாங்கிக்கொண்டிருந்தார்.

1910 ஆகஸ்டில் எஸ்.யூ. கம்பெனி பதிவானது. ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். தொழிற்சாலை, வடக்கு லண்டனின் கென்டிஷ் டவுனில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ரோட்டில்.

லண்டன் தமிழர்களுக்கு இந்தப் பாதை அத்துபடி. யூஸ்டன் பக்கம் ட்ரம்மண்ட் தெருவில் சாப்பிட்டுவிட்டு, ஹைகேட் முருகன் கோயிலுக்கு நார்தர்ன் லைனில் கிளம்பினால் நடுவில் கென்டிஷ் டவுன் ஸ்டேஷன் வரும். ஹைகேட் ஏற்றத்தையும் அவர்கள் அறிவார்கள். அந்த ஏற்றம் நம் கதைக்கு வேண்டும்.

யூஸ்டன் ரோட்டின் சமதளத்தில் ஒரு கார் போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று. அதே கார் ஹைகேட் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறுகிறது. அப்போதும் 1,500 சுற்று. சுற்றும் வேகம் ஒன்றுதான். ஆனால் சமதளத்தில் திராட்டில் சற்றே திறந்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் தன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக் காற்றைத்தான் வாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் திராட்டில் முழுக்கத் திறந்து, சிலிண்டர் கிட்டத்தட்ட நிறையும்.

எஞ்சின்காரர்கள் ‘லோடு’ என்று சொல்வது இதைத்தான். பின்சீட்டில் எத்தனை பேர், டிக்கியில் எத்தனை மூட்டை என்று எஞ்சினுக்குத் தெரியாது. ஒவ்வொரு இழுப்பிலும் எவ்வளவு காற்று வருகிறது என்பதுதான் அதற்குத் தெரிந்த சுமை. அதனால்தான் சுற்று வேகத்தை மட்டும் பார்த்துப் பெட்ரோல் கொடுக்க முடியாது. ஸ்கின்னரின் அடைப்பு சமதளத்தில் தாழ்ந்து நின்றது. ஏற்றத்தில் எழுந்து நின்றது. வித்தியாசம் அதற்குத் தெரிந்தது.

* * *

யாரும் வாங்கவில்லை

நல்ல பொருள் என்பதற்காக விற்றுவிடுமா என்ன? எஸ்.யூ. விற்பனை மந்தமாகவே போனது. 1914-ல் போர் மூண்டதும் கார்புரேட்டர் வேலை ஏறக்குறைய நின்றது. கென்டிஷ் டவுன் தொழிற்சாலை இயந்திரத் துப்பாக்கிக்கான உதிரிபாகங்களையும் கொஞ்சம் விமானக் கார்புரேட்டர்களையும் செய்தது.

போர் முடிந்தது. மறுபடி கார்புரேட்டர். மறுபடி மந்தம்.

இதற்குள் தோல் துருத்தி போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் பித்தளை பிஸ்டன் ஒன்று, மேலே கவிழ்த்த மணி போன்ற அறைக்குள் ஏறி இறங்கியது. தோல் காயும், விறைக்கும், ஊசித்துளை விழும். துளை விழுந்தால் அளவு பொய்யாகும். உலோக பிஸ்டனை ஆயிரத்தில் ஓர் அங்குலத் துல்லியத்தில் கடைந்துவிட்டால் உரசாமல், ஒழுகாமல் ஆயுள் முழுக்க ஓடும்.

கென்டிஷ் டவுனுக்கு மேற்கே சில மைல் தூரத்தில், கிரிக்கில்வுட்டில், டபிள்யூ. ஓ. பென்ட்லி தன் வேகக் கார்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பென்ட்லி 3 லிட்டரின் ஸ்பீடு மாடலிலும் பின்னர் வந்த நாலரை லிட்டரிலும் இரட்டை எஸ்.யூ.க்கள் ஏறின. 1928-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது நாலரை லிட்டர் கார். பெயர் கிடைத்தது. ஆனால் பந்தயக் கார்கள் நூற்றுக்கணக்கில்தான் விற்கும். ஒரு தொழிற்சாலை அதை நம்பிப் பிழைக்க முடியாது.

லெ மான் வெற்றி வருவதற்குள் கார்ல் முடிவெடுத்துவிட்டிருந்தார். தன் வாடிக்கையாளர்களில் ஒருவரான வில்லியம் மோரிஸிடம் போனார். மலிவான கார்களை ஆயிரக்கணக்கில் செய்துகொண்டிருந்த மோரிஸ், 1926-ல் எஸ்.யூ.வை வாங்கினார். உற்பத்தி பர்மிங்ஹாமின் அட்டர்லி பார்க்குக்குப் போயிற்று. கார்ல் அதன் நிர்வாக இயக்குநராக 1948 வரை நீடித்தார். ஹெர்பர்ட் 1931-ல் காலமானார்.

லண்டனின் பங்கு அத்தோடு முடிந்தது. கருவியின் பயணம் அதன்பிறகுதான் தொடங்கியது. எம்.ஜி., ஜாகுவார், மோரிஸ் மைனர், மினி என்று பிரிட்டனின் தெருக்களை எஸ்.யூ. நிறைத்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான நம் ஊர் அம்பாசடரின் பானெட்டுக்குக் கீழேயும் அது வந்து உட்கார்ந்தது.

* * *

ஊசியில் எழுதிய வாய்ப்பாடு

ஒரு எஸ்.யூ. நீடிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பென்சிலின் ஈயத்தைவிடச் சற்றே தடிமன். வெறும் கண்ணுக்கு வழவழப்பான ஊசி. மைக்ரோமீட்டர் வைத்தால்தான் அதன் ரகசியம் தெரியும். எட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒரு தரம், அதாவது சுமார் 3.2 மில்லிமீட்டருக்கு ஒரு தரம், விட்டம் குறித்து வைக்கப்பட்டிருக்கும். வழக்கமான ஜெட் துளை 0.090 அங்குலம். ஊசியின் தோள்பட்டை 0.089. ஆகக் கீழே இறங்கி நிற்கையில் பெட்ரோல் போக மிச்சமிருப்பது மொத்தமே ஆயிரத்தில் ஓர் அங்குலம். அங்கிருந்து கீழே, ஒவ்வொரு படியிலும் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறையும்.

ஐட்லிங்குக்கு முதல் படி. மெதுவாகப் போகும்போது அடுத்த சில. ஊசியின் நுனி முழு வேகத்துக்கு. நடுவில் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அந்தப் படிகளைக் கொஞ்சம் தடிமனாக விடலாம். ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனி ஊசி, எழுத்துகளால் ஆன பெயர்கள், நூற்றுக்கணக்கான வகைகள். இவ்வளவு காற்றா, இவ்வளவு பெட்ரோல் என்கிற வாய்ப்பாட்டை உலோகத்தில் கடைந்து வைத்தார்கள்.

அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகளுக்கு இந்த வாய்ப்பாட்டைச் சோதிக்க ஒரு கைப்பழக்கம் உண்டு. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பின்னை மெல்லத் தள்ளி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குவார்கள். காற்று மட்டும் சற்றுக் கூடும். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் கலவை ரிச். எஞ்சின் அணைந்துபோனால் லீன். ஒரு கணம் கூடிப் பழைய இடத்துக்கே வந்தால் சரி. மீட்டர் இல்லை, திரை இல்லை. இன்றைய காரில் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் துளி கூட்டிக் குறைத்து, புகைபோக்கியில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரிடம் ‘எப்படி?’ என்று நொடிக்கு நொடி கேட்கிறதே, அதே சோதனைதான். மெக்கானிக் மாதம் ஒருமுறை செய்தார்.

பிக்கப் கிடைப்பதற்கும் ஒரு தந்திரம் பிற்காலத்தில் சேர்ந்தது. பிஸ்டன் தண்டின் நடுவே கொஞ்சம் எண்ணெய். திராட்டிலைத் திடீரென்று மிதித்தால் பிஸ்டன் உடனே எழ முடியாமல் எண்ணெய் தடுக்கும்; அந்த ஒரு கணம் இழுப்பு கூடி, கலவை ரிச் ஆகி, வண்டி சீறும். எண்ணெய் வற்றிவிட்டால் வண்டி தயங்கும். மூடியைத் திருகிக் கழற்றி நாலு சொட்டு விட்டால் போதும்.

* * *

ஊட்டியில் மாட்டிக்கொண்ட கணக்கு

இவ்வளவு கெட்டிக்காரக் கருவிக்கு இரண்டு விஷயம் தெரியாது.

முதலாவது, மலை. மேட்டுப்பாளையத்தில் சரியாக டியூன் செய்த எஸ்.யூ. வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். பிஸ்டன் அளப்பது காற்று போகும் வழியின் அகலத்தை. அந்த வழியில் போகும் காற்று மெலிந்துவிட்டது என்பதை அது அறியாது. ஊசி கீழே கொடுத்த அதே பெட்ரோலைக் கொடுக்கும். கணக்குப் போட்டால், கலவை ஏறத்தாழ பத்து சதவீதம் ரிச் ஆகியிருக்கும். இழுவை குறையும், பிளக் கறுக்கும். எஞ்சினுக்குத் தேவை காற்றின் எடை.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எஞ்சின் பாதி நிரம்பி ஓடினாலும், 1,500 சுற்றில் முழுக்க நிரம்பி ஓடினாலும், நிமிடத்துக்குப் போகும் காற்று ஒன்றேதான். பிஸ்டன் ஒரே உயரத்தில் நிற்கும். ஊசி ஒரே பதிலைச் சொல்லும். ஆனால் முதல் நிலைமை நெடுஞ்சாலையில் நிதானப் பயணம், லீன் போதும். இரண்டாவது ஹைகேட் ஏற்றம், ரிச் வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஊசிக்கு வழியில்லை. அதன் வாய்ப்பாடு ஒற்றை வரி.

கம்ப்யூட்டர் வென்ற இடம் இதுதான். கொஞ்சம் முன்னே தாவிப் பார்த்துவிடுவோம். 1967-ல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் வோக்ஸ்வாகன் 1600-ல் ஏறியது. அது காற்றை நேரடியாக அளக்கவே இல்லை. எஞ்சினின் காற்றறைக்குள் அழுத்தம் எவ்வளவு, சுற்று வேகம் எவ்வளவு, காற்றின் சூடு எவ்வளவு என்று கேட்டு, சிலிண்டருக்குள் போகும் காற்றை ஊகித்தது. சில ஆண்டுகளில் வந்த எல்-ஜெட்ரானிக்கோ வேறு வழி பிடித்தது: காற்று தள்ளத் தள்ளத் திறக்கும் ஒரு தகடு, அதன் கோணத்தை மின்சாரமாகச் சொல்லும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். ஸ்கின்னரின் அடைப்புக்குப் பேரன் என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். ஒரே ஒரு வித்தியாசம், தகட்டின் அடியில் ஊசி இல்லை. பதில் சொல்லும் வேலை கம்பி வழியாக வேறு பெட்டிக்குப் போய்விட்டது.

கேள்வியும் பதிலும் பிரிந்தன. பிரிந்ததும் வாய்ப்பாட்டுக்கு எத்தனை வரி வேண்டுமானாலும் சேர்க்க முடிந்தது. ஒரு பக்கம் சுற்று வேகம், மறு பக்கம் லோடு, நடுவில் கட்டம் கட்டமாக எண்கள். 1,500 சுற்று–முழு லோடு ஒரு கட்டம். 3,000 சுற்று–பாதி லோடு வேறு கட்டம்.

இரண்டு பரம்பரையும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அழுத்தத்தை வைத்து ஊகிக்கும் கார்கள் ஒரு ஜாதி. காற்றை நேரடியாக அளக்கும் கார்கள் ஒரு ஜாதி. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றை மற்றதால் சரிபார்க்கும் கார்களும் உண்டு. ஸ்கின்னரின் பிஸ்டனும் இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதிகள் வரும்வரை பைக்குகளில் சுகமாக வாழ்ந்தது. பல்சரின் ‘சி.வி. கார்புரேட்டர்’ என்று ஷோரூமில் பெருமையாகச் சொன்னார்களே, அதில் ரப்பர் டயஃபிரம் ஒன்று பிஸ்டனைத் தூக்கும். 1904-ன் துருத்தி, தோலுக்குப் பதில் ரப்பரில்.

* * *

பிக்கடிலியில் ஒரு கட்டுரை

இப்போது 1914-க்குத் திரும்புவோம். கென்டிஷ் டவுன் துப்பாக்கி உதிரிபாகங்களுக்கு மாறிய அதே ஆண்டு.

யூஸ்டனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பிக்கடிலியின் பர்லிங்டன் ஹவுஸில் அப்போது ராயல் சொசைட்டி இருந்தது. அதன் பிலாசஃபிக்கல் டிரான்ஸாக்‌ஷன்ஸ் இதழில் அந்த ஆண்டு ஒரு நீண்ட கட்டுரை வெளியானது. எழுதியவர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி வெஸோ கிங்.

பொருள் இதுதான். மெல்லிய பிளாட்டினம் கம்பி ஒன்றை மின்சாரத்தால் சூடாக்குங்கள். அதன்மேல் காற்றை ஓட விடுங்கள். காற்று கம்பியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். எவ்வளவு எடுத்துக்கொண்டு போகிறது என்பதற்கு கிங் ஒரு சூத்திரம் கொடுத்தார்: ஒரு மாறாத பங்கு, அதோடு காற்றின் வேகத்தின் வர்க்கமூலத்துக்கேற்பக் கூடும் ஒரு பங்கு. கம்பியை ஒரே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் காற்றோட்டம் தெரிந்துவிடும்.

கார்களைப் பற்றி யோசித்து எழுதிய கட்டுரை அல்ல அது. ஆனால் அதில் ஒளிந்திருந்த விஷயத்தைக் கவனியுங்கள். அடர்ந்த காற்று அதிகச் சூட்டை எடுக்கும். மெலிந்த காற்று குறைவாக எடுக்கும். காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதோடு எவ்வளவு அடர்த்தி என்பதையும் கம்பி சேர்த்தே உணர்கிறது. அது காற்றின் எடையைச் சொல்கிறது. ஊட்டியிலும் சரியாகச் சொல்லும்.

ஸ்கின்னர் பிஸ்டனுக்குத் தெரியாத அந்த முதல் விஷயத்துக்கு விடை, அதே ஊரில், அச்சில், 1914-லேயே இருந்தது.

அந்தக் கம்பி ஒரு காரின் காற்றுக் குழாய்க்குள் போய்ச் சேர்ந்தது 1980-களின் தொடக்கத்தில். இடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டதற்குக் காரணம் உண்டு. பிஸ்டன் எழுந்தால் ஊசியும் எழும். கம்பி சூடு இழந்தால் எதுவும் தானாக நகராது. கம்பி சொல்வதைக் கேட்டு, கணக்குப் போட்டு, கண்ணிமைப்பதற்குள் பெட்ரோலைத் திறந்து மூட நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளை டிரான்சிஸ்டரால் செய்துவிடலாம் என்று 1950-களில் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் துணிந்தது. எலக்ட்ரோஜெக்டர் என்று பெயர் வைத்தது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் ஏற்றி விற்கவும் செய்தார்கள். கொஞ்ச நாளில் அவற்றில் பெரும்பாலானவை பட்டறைக்குத் திரும்பின. எலெக்ட்ரானிக் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழையபடி கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள்.

காற்றை அளக்கத் தெரிந்திருந்தது. டிரான்சிஸ்டரும் வந்திருந்தது. அப்புறம் எங்கே சறுக்கியது?

(அடுத்த வாரம்)